ஒளி மாசிலிருந்து இரவு வானத்தைச் சுற்றுச்சூழல் சட்டத்தால் காக்க முடியுமா?

காற்றையும் நீரையும் காக்கச் சட்டம் இருப்பதுபோல, விளக்கொளியில் கரைந்துபோகும் இரவு வானத்தைக் காக்கவும் சுற்றுச்சூழல் சட்டத்தில் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பு வெறுங்கண்ணால் பார்த்த பால்வீதி இப்போது அதே இடத்திலிருந்து தெரிவதில்லை என்று வருந்தி, இதற்கு யார்மீது வழக்குப் போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்விபோலத் தோன்றினாலும் அப்படியல்ல. முதல் கேள்விக்கு, ‘உண்டு, சில நாடுகளில் அது தெளிவான விதிகளாகவே இருக்கிறது’ என்று தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கான பதில்தான் நீளமானது. வானம் வெளுத்ததற்கு ஏதோ ஒரு விளக்கின் உரிமையாளரைத் தேடிப்பிடித்து வழக்காடும் வழி பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். வேறொருவரை நோக்கித் தொடுத்த வழக்கு பலன் தந்திருக்கிறது. நான் சுற்றுச்சூழல் சட்டம் படித்தவன்; பெருந்திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் விளக்கமைப்பு பற்றிய பகுதியைச் சரிபார்ப்பதில் பல ஆண்டுகள் செலவிட்டவன். உயிரினங்கள் பற்றி இங்கே சொல்வதெல்லாம் அத்துறையினரின் ஆய்வுகளைப் படித்துச் சொல்வது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

ஒளி மாசு என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது உண்மையில் மூன்று வெவ்வேறு தொல்லைகள். பக்கத்து வளாகத்தின் விளக்கு உங்கள் படுக்கையறைச் சுவரில் விழுவது ஒன்று. இதை அத்துமீறும் ஒளி என்பார்கள். சாலையில் வருபவரின் கண்ணை மறைக்கும் கூச்சம் இன்னொன்று. மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது: ஆயிரக்கணக்கான விளக்குகளிலிருந்து மேலே போகும் ஒளி, காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் நீர்த்துளிகளிலும் பட்டுச் சிதறித் திரும்பி வந்து, வானம் முழுவதையும் ஒரு மங்கிய திரையாக மாற்றும் ஒளிர்வு. முதல் இரண்டிலும் குற்றவாளி கண்ணெதிரே நிற்கிறார். மூன்றாவதில் அப்படி யாருமில்லை. ஒரு பெருநகரின் ஒளிக்கூரை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் அடிவானத்தில் தெரியும் என்பதால், ஓரிடத்து வானத்தைக் கெடுத்ததில் எந்த விளக்குக்கு எத்தனை பங்கு என்று நீதிமன்றத்தில் பிரித்துக் காட்டுவது நடைமுறையில் இயலாத காரியம். வழக்குச் சட்டம் கேட்பதோ அந்தப் பிரிப்பைத்தான்: காரணம், காரணகர்த்தா, பாதிக்கப்பட்டவர் என்ற மூன்றும் ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும்.

இங்கிலாந்தின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே 2005இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் மூலம், உடல்நலத்துக்குக் கேடாகவோ தொல்லையாகவோ ஒரு வளாகத்திலிருந்து வெளியேறும் செயற்கை ஒளி, சட்டபூர்வமான தொல்லைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அண்டை வீட்டின் பாதுகாப்பு விளக்கால் தூக்கமிழந்தவருக்கு இது உண்மையான நிவாரணம். உள்ளாட்சி அலுவலர் வந்து பார்த்து, தொல்லையை நிறுத்தும்படி அறிவிக்கை கொடுக்க முடியும். ஆனால் விமான நிலையம், துறைமுகம், ரயில்வே வளாகம், பேருந்து நிலையம், சரக்கு வாகனப் பணிமனை, சிறைச்சாலை போன்றவற்றுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. தெருவிளக்குகளோ ‘வளாகம்’ என்ற சொல்லுக்குள்ளேயே பெரும்பாலும் வருவதில்லை. வானத்தை வெளுக்க வைக்கும் பெரிய ஊற்றுகள் எவையோ அவையெல்லாம் வெளியே நிற்கின்றன. சட்டத்தை எழுதியவர்களை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அவர்கள் காக்க நினைத்தது சன்னலை.

இனி வரையறைக்கு வருவோம், ஏனென்றால் சட்டத்தில் பாதிச் சண்டை அங்கேதான் நடக்கிறது. பழைய சுற்றுச்சூழல் சட்டங்கள் பல, மாசு என்றாலே கையால் தொடக்கூடிய ஒரு பொருள் என்று எண்ணி எழுதப்பட்டவை. இந்தியாவின் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் மாசுபடுத்தியை ஒரு திட, திரவ அல்லது வாயுப் பொருள் என்றே வரையறுக்கிறது. ஒளியை அதற்குள் கொண்டுவர மிகவும் வளைக்க வேண்டியிருக்கும். மாறாக, 1979ஆம் ஆண்டின் எல்லை கடந்த காற்று மாசு ஒப்பந்தமும் 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தமும் மாசு என்பதை ‘பொருள்களையோ ஆற்றலையோ’ மனிதர் சூழலுக்குள் செலுத்துவது என்று வரையறுத்தன. அந்த ‘ஆற்றல்’ என்ற ஒற்றைச் சொல் ஒளிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம்: அதன் தொழிற்சாலை உமிழ்வு நெறிமுறையின் மாசு வரையறையில் பொருள், அதிர்வு, வெப்பம், இரைச்சல் இருக்கின்றன, ஒளி இல்லை, தாக்க மதிப்பீட்டு நெறிமுறையின் இணைப்பிலோ மதிப்பிட வேண்டிய உமிழ்வுகளில் ஒளி பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. உலகின் பெரிய தொலைநோக்கிகள் பலவற்றைத் தன் பாலைவனத்தில் வைத்திருக்கும் சிலி, 2019இல் தன் அடிப்படைச் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தி, மாசுபடுத்திகளின் வரிசையில் இரைச்சலுக்குப் பக்கத்தில் செயற்கை ஒளிர்வையும் எழுதிச் சேர்த்தது. ஒரு நாட்டில் புதிதாகச் சட்டம் கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இப்படியொரு சொற்சேர்க்கையைத்தான் என்பது என் கருத்து. செலவில்லாதது, பின்னால் வரும் எல்லா விதிகளுக்கும் அடித்தளமாவது.

வரையறை மட்டும் போதாது என்பதற்குச் சான்று பிரான்ஸ். 2010இல் அங்கே இயற்றப்பட்ட பெரிய சுற்றுச்சூழல் சட்டம் ஒளித் தொல்லையைத் தடுப்பது, கட்டுப்படுத்துவது பற்றி ஒரு பிரிவையே சேர்த்தது. 2011இல் அதற்கான ஆணையும் வந்தது. ஆனால் எந்த விளக்குக்கு என்ன வரம்பு என்று சொல்ல வேண்டிய அமைச்சக உத்தரவுகளில் பெரும்பகுதி வரவேயில்லை. கடைக் காட்சிச் சன்னல்கள், கட்டட முகப்புகள், அலுவலக உள்விளக்குகள் ஆகியவற்றின் நேரத்தைப் பற்றி 2013 ஜனவரியில் வந்த ஓர் உத்தரவோடு வேலை நின்றுபோனது. அப்போது இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களும் இரவு வானத்துக்காக உழைக்கும் ஒரு சங்கமும் சேர்ந்து அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்குப் போயின. எந்த நகராட்சியையும் அவர்கள் எதிர்வாதியாக்கவில்லை, எந்த விளம்பரப் பலகையையும் சுட்டிக்காட்டவில்லை. சட்டம் உங்களை விதி எழுதச் சொல்லியிருக்கிறது, நீங்கள் எழுதவில்லை என்று அரசின் செயலின்மையைத்தான் குற்றமாக வைத்தார்கள். 2018 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அதை ஏற்று, ஒன்பது மாதத்துக்குள் உத்தரவுகளை வெளியிட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 யூரோ கட்ட வேண்டும் என்றது. அமைச்சகத்தின் உத்தரவு கையெழுத்தான தேதி 2018 டிசம்பர் 27. கெடு முடிய ஒரே நாள் இருந்தது.

யார்மீது வழக்குப் போடுவது என்ற உங்கள் கேள்விக்கு நான் காட்டக்கூடிய மிக நல்ல விடை இதுதான். இங்கே காரணத்தை நிறுவும் சுமை இல்லை, எந்த விளக்கின் ஒளி எந்த விண்மீனை மறைத்தது என்று காட்ட வேண்டியதில்லை. கடமை எழுத்தில் இருக்கிறது, நிறைவேறவில்லை என்று காட்டினால் போதும். ஆனால் அந்தக் கடமையை முதலில் நாடாளுமன்றம் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத நாட்டில் இந்த வழக்கு நிற்காது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிரான்ஸின் அந்த உத்தரவில் இருப்பவற்றைப் பார்த்தால், ஒரு நல்ல விதி எப்படி இருக்க வேண்டும் என்பது விளங்கும். அது வானத்தை அளப்பதில்லை, விளக்கைத்தான் கட்டுப்படுத்துகிறது. எந்தக் கோணத்தில், எவ்வளவு, என்ன நிறத்தில், எந்த நேரம்வரை என்ற நான்கும் அதில் இருக்கின்றன. வெளிப்புற விளக்குகளின் நிற வெப்பநிலை 3000 கெல்வினைத் தாண்டக்கூடாது (இந்த எண் கூடக்கூட ஒளியில் நீலம் மிகும்). சாலை விளக்குகள் நிறுவப்படும் இடத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் இத்தனை லூமென் (விளக்கு தரும் ஒளியின் அலகு) என்று உச்சவரம்பு உண்டு, குடியிருப்புப் பகுதிக்குள் 35, வெளியே 25. கடைச் சன்னல் விளக்குகள் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குள் அணைய வேண்டும். மேல்நோக்கிய ஒளிக்கு இரண்டு அளவுகள் வைத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்: தயாரிப்பாளரின் தரவுத்தாளில் 1 சதவீதத்துக்கும் குறைவு, கம்பத்தில் பொருத்திய பிறகு 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்த இரண்டாவது எண்ணின் அருமை தளத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருமுறை ஒரு சரக்குக் கிடங்கின் வாகன நிறுத்தத்தை இரவில் ஆய்வு செய்யப் போயிருந்தேன். அனுமதி ஆவணத்தில் எல்லாம் சரியாக இருந்தது. வாங்கியிருந்த விளக்கும் மேல்நோக்கிப் பூச்சியம் ஒளி என்று சான்று பெற்றதுதான். ஆனால் கம்பங்களை வரைபடத்தில் இருந்ததைவிடத் தள்ளித் தள்ளி நட்டிருந்ததால், நடுவில் இருள் விழாமலிருக்க ஒவ்வொரு விளக்கையும் அண்ணாந்து பார்ப்பதுபோல் சாய்த்துவிட்டிருந்தார்கள். எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளை; அதற்கு மேலிருந்த மரக்கிளைகளும் வெள்ளை. பராமரிப்புப் பணியாளர் ஏணியில் ஏறி ஒரு ஸ்பேனரால் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, விளக்கின் முகத்தைத் தரைக்கு இணையாகக் கொண்டுவந்தார். வெளிச்சத்தின் விளிம்பு சுவரிலிருந்து வழிந்து இறங்கித் தரைக்கு வந்தது. கீழே கிடந்த சரளைக்கல் ஒவ்வொன்றுக்கும் நிழல் தெரிந்தது. கண்ணைக் குத்திக்கொண்டிருந்த வெண்புள்ளிகள் மறைந்ததால் வாயில் காவலர் உள்ளே வரும் ஆளின் முகத்தை அடையாளம் காண முடிந்தது. மின்சாரம் அதே அளவு, விளக்கும் அதே விளக்கு. அன்றிலிருந்து ‘சான்று பெற்ற விளக்கு’ என்று மட்டும் சொல்லும் நிபந்தனையை நான் ஏற்பதில்லை. ‘பொருத்தப்பட்ட நிலையில்’ என்ற சொற்கள் நிபந்தனையில் இருந்தே ஆக வேண்டும்.

கோணம் இத்தனை முக்கியமாவதற்குக் காரணம் எளிது. நேர் மேலே போகும் கதிர் காற்றுமண்டலத்தின் குறைந்த தடிமனைக் கடந்து வெளியேறிவிடுகிறது. கிடைமட்டத்துக்குச் சற்று மேலே போகும் கதிரோ மிக நீண்ட தூரம் காற்றுக்குள்ளேயே பயணிக்கிறது, வழியெங்கும் சிதறுகிறது. தொலைவிலுள்ள இருண்ட இடங்களை வெளுப்பதில் பெரும்பங்கு அந்தக் கதிருடையது. நிறத்துக்கும் இதே போன்ற காரணம் உண்டு: காற்றின் மூலக்கூறுகள் அலைநீளம் குறைந்த ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. 450 நானோமீட்டர் நீலம் 600 நானோமீட்டர் செம்மஞ்சளைவிட மூன்று மடங்குக்கும் சற்று அதிகமாகச் சிதறும். ஆனால் கோணத்தையும் நிறத்தையும் மட்டும் சரிசெய்து நிறுத்திக்கொண்டால் ஏமாந்துபோவோம். சரியாகக் கீழ்நோக்கிய விளக்கின் ஒளியிலும் ஒரு பங்கு தரையில் பட்டு எழும்புகிறது. ஆகவே மொத்த அளவுக்கு வரம்பு இல்லாத விதி ஓட்டைப் பாத்திரம்தான். ஸ்லோவேனியா 2007இல் கொண்டுவந்த ஆணை மேல்நோக்கிய ஒளியைப் பூச்சியமாக்கியதோடு நிற்காமல், ஓர் ஊராட்சியின் பொதுச்சாலை விளக்குகள் ஆண்டுக்கு ஒரு குடிமகனுக்கு 44.5 கிலோவாட் மணிக்கு மேல் மின்சாரம் செலவிடக்கூடாது என்றும் வரம்பிட்டது. 1958லேயே விளம்பரத் தேடொளி விளக்குகளைத் தடை செய்த அமெரிக்காவின் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரம், 1989இல் ஏக்கருக்கு இத்தனை லூமென் என்று வரம்பிட்டது. அந்த நகரம் வளர்ந்துகொண்டேயிருந்தும் அதன் வானத்துக்கு இன்னும் பெயர் இருக்கிறது.

மின்சாரத்தைக் கொண்டு வரம்பு வைப்பது எல்.இ.டி. வந்த பிறகு வலுவிழந்துவிட்டது. அதே மின்சாரத்தில் முன்பைவிட அதிக ஒளி கிடைக்கிறது. விளக்கு மலிவானபோது மனிதர்கள் சேமிக்கவில்லை, இன்னும் அதிகமாக ஏற்றினார்கள். செயற்கைக்கோள் தரவுகளின்படி ஒளியூட்டப்பட்ட நிலப்பரப்பு 2012 முதல் 2016 வரை ஆண்டுக்கு 2.2 சதவீதம் வளர்ந்தது. ஆனால் 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் விண்மீன்களைக் கவனித்துப் பதிவுசெய்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், வானத்தின் ஒளிர்வு சராசரியாக ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். அந்த வேகத்தில் எட்டு ஆண்டுக்குள் இரட்டிப்பாகிவிடும். இரண்டு எண்களுக்கும் இடையே இத்தனை வேறுபாடு வரக் காரணங்களில் ஒன்று, அந்தச் செயற்கைக்கோள் உணரி நீல ஒளியைக் காண்பதில்லை என்பது. இன்னொன்று, கிடைமட்டமாகப் போகும் ஒளி அதன் பார்வைக்குச் சரியாகப் படுவதில்லை என்பது. செயற்கைக்கோள் படத்தை மட்டும் காட்டி ‘நிலைமை கட்டுக்குள் இருக்கிறது’ என்று ஓர் அறிக்கை சொன்னால், அதை ஏற்காதீர்கள். 2016இல் வெளியான உலக வரைபடத்தின்படி மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினரால் பால்வீதியைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் இழந்ததாகச் சொல்வதை எத்தனையோ பேர் ஒருமுறைகூடக் கண்டதில்லை என்பது இதை எழுதும்போது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

சட்டத்தைக் கேட்கும்போது எந்தக் காரணத்தை முன்வைப்பது என்பதில் கவனம் வேண்டும், ஏனென்றால் எல்லாக் காரணங்களும் ஒரே அளவுக்கு உறுதியானவை அல்ல. உயிரினங்கள் மீதான தாக்கம் உறுதியானது. நியூயார்க்கில் செப்டம்பர் 11 தாக்குதலின் நினைவாக ஆண்டுதோறும் ஓர் இரவு வானை நோக்கி ஏற்றப்படும் ஒளிக் கற்றைகளை ஏழு ஆண்டுகளின் இரவுகளில் ஆராய்ந்தவர்கள், 11 லட்சம் வலசைப் பறவைகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். கற்றைகளை அணைத்ததும் சில நிமிடங்களில் பறவைகள் கலைந்து தம் வழியே போயின. சுவிட்சர்லாந்தின் புல்வெளிகளில் நடந்த சோதனையில், விளக்கு வைத்த இடங்களில் இரவுநேர மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகள் பூக்களுக்கு வருவது 62 சதவீதம் குறைந்தது. மனித உடல்நலம் பற்றிச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். இரவில் கண்ணில் விழும் நீலம் மிகுந்த ஒளி தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கும் என்பது ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. ஆனால் தெருவிளக்கு நேரடியாக இன்ன நோயை உண்டாக்குகிறது என்பது அப்படி நிறுவப்பட்டதல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்று வகைப்படுத்தியது இரவுப்பணியை. சன்னல் வழியே வரும் தெருவொளியை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிப் பேசும் மனுவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

பாதுகாப்பு பற்றிய கேள்விதான் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும்: விளக்கைக் குறைத்தால் குற்றமும் விபத்தும் பெருகாதா? இங்கே சான்று இரு பக்கமும் இருக்கிறது என்பதே நேர்மையான பதில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளின் தரவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, தெருவிளக்குகளை அணைத்ததாலோ மங்கச் செய்ததாலோ குற்றமோ விபத்தோ கூடியதற்குச் சான்று காணவில்லை. நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் மிகப் பிரகாசமான விளக்குக் கோபுரங்களைக் குலுக்கல் முறையில் நிறுவிப் பார்த்த சோதனையோ, இரவில் வெளியிடங்களில் நடந்த கடுங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாகச் சொன்னது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால், இடத்துக்கு இடம் விடை மாறும் என்றுதான் எனக்குப் படுகிறது. எனவே இருட்டைக் கட்டாயமாக்கும் விதியை நான் ஆதரிப்பதில்லை. ஒளி தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவு மட்டும் என்று நிரூபிக்கும் பொறுப்பை விளக்கு வைப்பவரிடம் ஒப்படைக்கும் விதியையே ஆதரிக்கிறேன்.

தனிச்சட்டம் இல்லாத இடத்தில் அழியும் உயிரினங்களுக்கான சட்டம் ஒரு பக்கவழியாக உதவக்கூடும். ப்ளோரிடாவின் வொலூஷியா கவுண்டி கடற்கரையில், முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள் கடலின் மெல்லிய ஒளியை நோக்கிப் போவதற்குப் பதிலாகக் கரையோர விளக்குகளை நோக்கி ஊர்ந்து மடிந்தன. அந்த ஆமைகளையே வாதிகளாக்கித் தொடரப்பட்ட வழக்கில், கடற்கரையில் வாகனம் ஓட்டுவதால் நேரும் பாதிப்புக்காக வாங்கிய அனுமதி விளக்கொளியால் நேரும் பாதிப்பையும் மூடிக்கொள்ளாது என்று 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு முடிவுசெய்தது அவ்வளவுதான். ஆனாலும் ஒளியைச் சட்டத்தின் கண்ணில் ஒரு தீங்காக நிறுத்தியதில் அதற்கு இடமுண்டு. 2020இல் வலசை உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள் காந்திநகரில் கூடி, ஒளி மாசிலிருந்து உயிரினங்களைக் காக்கும் வழிகாட்டு நெறிகளை ஏற்றன. இவை கட்டுப்படுத்துபவை அல்ல. ஆனால் ஒரு தாக்க மதிப்பீட்டில் ‘இப்படியொரு தரம் இருக்கிறது’ என்று மேற்கோள் காட்டப் போதுமானவை.

வானியல் ஆய்வகங்களைச் சுற்றிப் போடப்படும் பாதுகாப்பு வட்டங்கள் இதைவிடப் பழையவை. கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவின் வானத்துக்காக ஸ்பெயின் 1988இல் இயற்றிய சட்டம், அத்தீவையும் அதை நோக்கியிருக்கும் டெனெரிஃப் தீவின் பகுதியையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. விமானப் பாதைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. தென்னாப்பிரிக்கா 2007இல் வானியலுக்கு உகந்த நிலப்பகுதிகளைக் காக்கத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. லடாக்கின் ஹான்லேயில் 2022இல் 1,073 சதுர கிலோமீட்டர் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இவை அருமையான முயற்சிகள்தான், ஆயினும் வேலிக்கு வெளியே இருக்கும் விளக்கு வேலியை மதிப்பதில்லை. சிலியின் பரனால் மலைக்கு அருகே ஒரு பெரும் ஆற்றல் திட்டம் 2024 டிசம்பரில் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட பிறகு, அங்குள்ள மிகப்பெரும் தொலைநோக்கியின் மேல் வானொளிர்வு குறைந்தது 35 சதவீதம் கூடும் என்று ஐரோப்பியத் தென்வான ஆய்வகம் தன் கணிப்பை முன்வைத்தது. சட்டத்தில் ஒளி மாசாக எழுதப்பட்ட நாட்டில்கூட, ஒவ்வொரு திட்டத்திலும் எண்களோடு போய் நிற்க வேண்டியிருக்கிறது.

செயற்கைக்கோள்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பதிலின் எல்லையைக் காட்ட அதைச் சொல்லியாக வேண்டும். 2019 மே மாதம் முதல் தொகுதியாக இணையச் சேவைக்கான 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டதிலிருந்து, கீழே எல்லா விளக்கையும் அணைத்தாலும் மேலே நகரும் புள்ளிகளை அணைக்க எந்த நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கும் கை எட்டவில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் மற்ற நாடுகளின் நலனைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது, ஆனால் அது இதை எண்ணி எழுதப்பட்டதல்ல. ஏவும் உரிமம் தரும் நாட்டின் நீதிமன்றத்தில் முயன்றும் பார்த்துவிட்டார்கள். 2024இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமத்தையே நிலைநிறுத்தியது.

சட்டம் வந்தால் பண்டிகை விளக்குக்குக்கூடத் தடை வந்துவிடும் என்ற அச்சத்தைப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2013இல் இதற்கு ஓர் அழகான அளவைத் தந்தது. ஆண்டு முழுவதும் அலங்கார விளக்கு எரித்த ஒரு வீட்டைப் பற்றிய வழக்கில், வெறும் அலங்காரத்துக்கான விளக்குகள் இரவு பத்து மணிக்கு அணைய வேண்டும், ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்கள் தொடங்கி ஜனவரி 6 வரை பண்டிகை விளக்குகள் நள்ளிரவு ஒரு மணிவரை எரியலாம் என்று தீர்ப்பளித்தது. தீங்கு நிரூபணமாகும்வரை காத்திராமல், எளிதில் தவிர்க்கக்கூடிய ஒளியைத் தவிர்க்கச் சொல்லும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின்மேல் கட்டப்பட்ட தீர்ப்பு அது. கொண்டாட்டத்துக்கும் இடம் விட்டது.

நீங்கள் இப்போதே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. வானத்தின் இருளை அளக்கும் கருவி உள்ளங்கை அளவுதான். தலைக்கு மேல் நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் ஓர் எண் காட்டும். இயற்கையான இருள் ஏறக்குறைய 22, பெருநகரின் நடுவே 17 அல்லது 18. ஓர் எண் குறைந்தால் வானம் இரண்டரை மடங்கு பிரகாசமாகிவிட்டது என்று பொருள். நிலவில்லாத, மேகமில்லாத இரவுகளில், ஒரே இடத்தில் நின்று, அந்தி ஒளி முற்றிலும் அடங்கிய பிறகு, மாதத்துக்கு ஒருமுறை அளந்து தேதி, நேரம், காற்றின் தெளிவு ஆகியவற்றோடு குறித்து வையுங்கள். கருவி இல்லாவிட்டால், சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டருக்குப் பக்கத்திலிருக்கும் அருந்ததி தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள், அதுவும் சான்றுதான். நான் சரிபார்த்த மதிப்பீட்டு அறிக்கைகளில் பெரும்பாலானவை, ‘இப்பகுதியின் தற்போதைய ஒளிநிலை குறித்த தரவு இல்லை’ என்ற ஒற்றை வரியோடு ஒளி அத்தியாயத்தை முடித்துவிடும். அடிப்படை நிலை இல்லாததால் தாக்கத்தைக் கணக்கிட முடியவில்லை என்பார்கள். அடுத்த திட்டம் கருத்துக்கேட்புக்கு வரும் நாளில், மூன்று ஆண்டு அளவீடுகள் கொண்ட ஒரு குறிப்பேட்டை மேசைமேல் வைத்தால், அந்த வரியை எழுத முடியாது.